சுபத்திரை தூங்கியது குற்றமா?

அபிமன்யு கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. சுபத்திரை பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்குச் சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகும் வழியை அர்ச்சுனன் சொல்கிறான் (கிருஷ்ணன் சொன்னான் என்றும் சில வீடுகளில் சொல்வார்கள்). வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை ‘உம்’ கொட்டிக் கேட்கிறது. வெளியே வரும் வழியைச் சொல்ல ஆரம்பிக்கும்போது சுபத்திரை தூங்கிவிடுகிறாள். பிள்ளைக்கு உள்ளே போகத் தெரிந்தது, வெளியே வரத் தெரியவில்லை. பதினாறு வயதில் போர்க்களத்தில் செத்தான்.

“அவ மட்டும் கொஞ்ச நேரம் முழிச்சிருந்தா புள்ள பொழச்சிருக்கும்” என்றுதான் என் பாட்டி கதையை முடிப்பார். நாங்களும் உச்சுக் கொட்டுவோம். இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் வர முப்பது வருடம் ஆனது. வயிற்றில் இருந்தது பத்து மாதம். வெளியே வந்த பிறகு பதினாறு வருடம் இருந்ததே, அதில் ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையா? அப்பன் வனவாசம் போய்விட்டான், சரி. மாமன் கிருஷ்ணன் துவாரகையில் கூடவே இருந்தானே? “எனக்கு உள்ளே போக மட்டும்தான் தெரியும்” என்று அந்தப் பையனே வாய்விட்டுச் சொன்ன பிறகும், “நீ முன்னால் போ, நாங்கள் பின்னாலேயே வருகிறோம்” என்று அனுப்பி வைத்தது பெரியப்பா தருமன். இத்தனை ஆண்களும் கதையிலிருந்து நல்லபடியாக வீடு போய்ச் சேருகிறார்கள். மாட்டிக்கொண்டவள் கர்ப்பகாலத்தில் தூக்கம் தாங்காமல் கண்ணசந்த ஒருத்தி.

இந்தக் கதைக்கு இன்று நல்ல சந்தை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான ‘கர்ப்ப சம்ஸ்கார’ வகுப்புகளின் விளம்பரங்களில் அபிமன்யுதான் ஆதாரம். கூடவே ‘நியூரோ சயன்ஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்ன சுலோகம் கேள், இன்னதைப் பார்க்காதே, கோபப்படாதே, அழாதே. பிள்ளையின் மூளை உன் கையில்.

என் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் ஒரு மையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே காகிதம்தான். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மூன்று வரி: பெயர், தொழில், மாத வருமானம். அம்மாவுக்கு இரண்டு பக்கம். விரும்பி உண்டான கர்ப்பமா? மன அழுத்தம் இருந்ததா? வேலைக்குப் போனீர்களா, எந்த மாதம் வரை? கணவருடன் சண்டை உண்டா? தொலைக்காட்சி எவ்வளவு நேரம்? நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எட்டாம் மாதம் மார்ச்சில் வந்தது. மார்ச் மாதம் கணக்குப் பிரிவில் இருப்பவளிடம் மன அழுத்தம் இருந்ததா என்று கேட்டால் என்ன எழுதுவது? ‘ஆம்’ என்று எழுதினேன். பக்கத்திலிருந்து அதை எட்டிப் பார்த்த மாமியார், “நான் அப்பவே சொன்னேன், கம்ப்யூட்டர் முன்னாடி குத்தவச்சே இருந்தியே” என்றார். என் கணவர் மூன்று வரியை முடித்துவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் கேள்வி இருப்பதில் தப்பில்லை, மருத்துவருக்குத் தகவல் வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தகவல் என்பதில்தானே வழக்கு. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய வரலாறு இந்தத் துறைக்கு உண்டு. 1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியபோதே பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றிப் பேசினார். அதிலிருந்து ‘குளிர்பெட்டித் தாய்’ என்ற வசை உருவாகி இருபது, முப்பது ஆண்டுகள் கோலோச்சியது. சிகாகோவில் பிள்ளைகளுக்கான சிகிச்சைப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1967இல் வெளியிட்ட நூலில், இந்தப் பிள்ளைகளின் நிலையை நாஜி வதைமுகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அவரே அந்த முகாம்களில் இருந்து மீண்டவர். அந்த ஒப்பீட்டில் காவலாளி யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதே வைத்தியம் என்று நடந்தது. அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஆட்டிசமுள்ள பிள்ளையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாந்து என்ற உளவியலாளர், இது உடலியல் சார்ந்தது, தாயின் பாசக்குறைவு சார்ந்தது அல்ல என்று புத்தகமே எழுதியிருந்தார். கேட்க ஆளில்லை. எத்தனை பெண்கள் அந்தச் சொல்லைச் சுமந்தபடியே செத்துப்போயிருப்பார்கள்.

சரி, கருவிலிருக்கும் பிள்ளைக்குக் காது கேட்குமா? கேட்கும். ஆறாம் மாதம் தாண்டியதும் சத்தத்துக்கு அசையத் தொடங்குகிறது. பிறந்த சில நாள் குழந்தை, வேறு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலை விரும்பிக் கேட்கிறது என்று 1980இல் ஆன்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் காட்டினார்கள். பிள்ளை பழகிக்கொள்வது குரலை, தாளத்தை, ஏற்ற இறக்கத்தை. போர்த் தந்திரத்தை அல்ல. வயிற்றுக்குள் எல்லாவற்றையும்விடத் தெளிவாக எட்டுவது அம்மாவின் குரல்தான், அவள் எலும்பு வழியாகவும் அது இறங்குகிறது. ஆகவே அபிமன்யு எதையாவது கேட்டிருந்தால் சுபத்திரை பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிய வம்பைத்தான் நன்றாகக் கேட்டிருப்பான். மொசார்ட் இசை கேட்டால் பிள்ளைக்கு அறிவு வளரும் என்ற கதையும் இப்படித்தான். 1993இல் வந்த அந்த ஆய்வில் இருந்தது 36 கல்லூரி மாணவர்கள். கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை.

மூளை எப்படி உருவாகிறது என்பதை நேர்மையாகச் சொல்ல ஆரம்பித்தால், அந்தக் கதை தாயின் நெஞ்சைச் சுற்றி நிற்பதில்லை. ரேஷன் கடைக்கும் ஆலைக்கும் சட்டமன்றத்துக்கும் போகிறது. அதனால்தான் அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

கரு உண்டாகி 28 நாளுக்குள் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது இந்தக் குழாய்தான். அது சரியாக மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு வரும், அல்லது மண்டையோடே உருவாகாமல் போகும். ஃபோலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வில் ஐயமின்றித் தெரிந்தது. இப்போது கணக்குப் போடுங்கள். 28ஆம் நாள் என்பது, மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகியிருக்காத நாள். அவளுக்கே உறுதியாகத் தெரிந்திருக்காது. செவிலியரிடம் பதிந்து, அட்டை வாங்கி, மாத்திரை கைக்கு வரும்போது குழாய் மூடி வாரங்கள் கடந்திருக்கும். அப்படியானால் கர்ப்பிணிக்குப் புத்தி சொல்வதில் என்ன பயன்? பள்ளிக்கூடத்தில், அரிசியில், மாவில், எல்லாப் பெண்களின் தட்டிலும் அது முன்பே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1998 முதல் மாவில் கலப்பது கட்டாயம். பிறவிக் குறைபாடுகள் குறைந்தன. எந்தத் தாயும் அங்கே கூடுதலாக நல்லவளாகவில்லை. மாவு மாறியது, அவ்வளவுதான்.

இரும்புச்சத்தும் அப்படித்தான். நரம்பிழைகளுக்கு உறை போடவும், மூளைக்குள் சேதி கடத்தும் வேதிப்பொருள்களைச் செய்யவும் இரும்பு வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காடு. அதே வயது ஆண்களில் 31. மாதவிலக்கு ஒரு காரணம்தான். மீதியை நம் வீட்டு அடுப்படியில் தேடலாம்: குழம்பில் கிடக்கும் கறித்துண்டு யார் தட்டுக்குப் போகிறது, கடைசியாக யார் உட்கார்ந்து பாத்திரத்தின் அடியை வழிக்கிறார்கள்? இருபது வருடம் அவளுக்குக் கடைசிப் பந்தி போட்டுவிட்டு, பத்து மாதம் மட்டும் மாதுளம்பழம் உரித்துக் கொடுத்து, “நல்லா சாப்பிட்டியா? பிள்ளைக்கு மூளை வளரணும்” என்று கேட்பதை என்னவென்று சொல்ல!

ஜப்பானின் மினமாட்டாவைப் பற்றிப் படித்தபோது இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சிசோ என்ற இரசாயன நிறுவனம் கடலில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம், மீன் வழியாக மனிதர்களின் நரம்புகளைத் தின்றது. நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956இல். அந்த ஊரில் பிறந்த சில குழந்தைகளும் கைகால் முறுக்கி, பேச்சின்றி இருந்தார்கள். அவர்கள் மீனே தின்றதில்லை, ஆகவே இது அந்த நோயல்ல, மூளைவாதம் என்றார்கள் மருத்துவர்கள். நஞ்சுக்கொடி நஞ்சை வடிகட்டிப் பிள்ளையைக் காக்கும் என்பது அன்றைய மருத்துவப் பாடம். தாய்மார்கள்தான் விடாமல் சொன்னார்கள்: மீனைத் தின்றது நான், என் வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்ட மருத்துவர் ஹராடா மசாசுமி. 1962இல் அந்தக் குழந்தைகளின் நோய் ஏற்கப்பட்டது. பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வழக்கம். பிற்பாடு அந்தக் கொடிகளை வீடு வீடாகச் சேகரித்துச் சோதித்தார்கள், உள்ளே மெத்தில் பாதரசம் இருந்தது. தாய்மார்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது ஒரு கம்பெனியின் குற்றத்துக்கான சாட்சி. அந்தக் கழிவு கடலில் கலப்பது 1968வரை நிற்கவில்லை. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை மூடப்பட்டது 2001இல். 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வந்தது 2016இல், அதுவும் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் முந்தைய ஆண்டு பாடிய ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவிய பிறகு. என் மகனுக்காக நான் நிரப்பிய இரண்டு பக்கத்தில், உங்கள் தெருவுக்கு அருகே என்ன ஆலை இருக்கிறது, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்ற கேள்வி இல்லை.

அடுத்து ருமேனியா. 1966 அக்டோபரில் சௌசெஸ்கு அரசு 770ஆம் ஆணையைப் போட்டது. கருக்கலைப்புக்குத் தடை, நான்கு பிள்ளை பெற்றவர்கள், 45 வயதைத் தாண்டியவர்கள் என்று சிலருக்கு மட்டும் விலக்கு. கருத்தடைச் சாதனங்கள் கடைகளில் கிடைக்காமல் போயின. பிள்ளையில்லாதவர்களுக்கு வரி. 80களில் வேலையிடத்துக்கே வந்து பெண்களின் வயிற்றைச் சோதித்தார்கள். கள்ளத்தனமாகக் கலைக்கப்போய்ச் செத்தவர்கள் பல ஆயிரம். வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்த விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர் செத்த மறுநாளே நீக்கப்பட்ட சட்டங்களில் கருக்கலைப்புத் தடையும் ஒன்று. பெண்ணின் கருப்பையை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பிள்ளைகளின் மூளையே கணக்குப் புத்தகம் ஆனது.

2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் புக்கரெஸ்ட்டின் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு, பாதிப் பேர் விடுதியிலேயே, குலுக்கல் முறையில். (இப்படிக் குலுக்கலாமா என்று எனக்கு இன்றும் நெருடுகிறது. அவர்களும் அதை நிறைய விவாதித்தார்கள்.) நான்கரை வயதில் அறிவுத்திறன் அளவைப் பார்த்தபோது, விடுதிப் பிள்ளைகளுக்குச் சராசரி 73, வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களுக்கு 81, விடுதியையே அறியாத அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் வெளியே வந்தவர்கள் அதிகம் தேறினார்கள். அந்த விடுதிகளில் சோறு இருந்தது, படுக்கை இருந்தது. பிள்ளை ஒரு சத்தம் எழுப்பினால் திரும்பி ஒரு சத்தம் எழுப்ப ஆளில்லை. முதல் வருடங்களில் நரம்பணுக்களின் இணைப்புகள் அளவுக்கு மிஞ்சி முளைக்கின்றன. புழங்குவது நிலைக்கிறது, புழங்காதது உதிர்கிறது. பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் கால் பங்கு எடையே உள்ள அந்த உறுப்பு, பெரும்பகுதி வளர்வது நம் மடியிலும் திண்ணையிலும்தான்.

இந்த ஆய்வைக் காட்டி, “பார்த்தீர்களா, அம்மா வேலைக்குப் போகக்கூடாது” என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 136 பேரில் வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களைத் தேற்றியது யார்? பெற்ற தாய்கள் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்த்த, முன்பின் அறியாத ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பிள்ளையின் மூளை தொப்புள் உறவைக் கேட்கவில்லை. தினமும் வரும் ஒரு முகத்தைக் கேட்கிறது. அது அப்பாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், ஒழுங்கான சம்பளமும் ஒழுங்கான எண்ணிக்கையில் பிள்ளைகளும் உள்ள அங்கன்வாடிப் பணியாளராக இருக்கலாம்.

அப்பாக்களைப் பற்றியும் ஒரு ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2014இல் வெளியிட்டது. தாயின்றி, இணையரான இரு ஆண்கள் வளர்க்கும் குழந்தைகளின் முதன்மைப் பராமரிப்பாளரான அப்பாக்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். தாய்மாரிடம் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள் அவர்களிடமும் விழித்திருந்தன. குழந்தையோடு செலவிட்ட நேரம் கூடக் கூட மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பும் கூடியிருந்தது. ஆக, “எனக்கு அதெல்லாம் வராது, அவளுக்குத்தான் பிள்ளை அழுறது தூக்கத்துலயும் கேட்கும்” என்பதற்கு உயிரியலில் இடம் குறைவு. தூக்கிப் பழகினால் வரும். ஆனால் தூக்குவதற்கு அவனை யார் விடுகிறார்கள்? 2017 சட்டத் திருத்தம் தாய்க்கு 26 வாரம் விடுப்பு தந்தது, நல்லது. தனியார் வேலையிலிருக்கும் தந்தைக்கு அது ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரமும் இல்லை.

இனி அபிமன்யுவின் வயதுக்கு வருவோம். நம் மொழியில் ‘வயசு’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பையன் வண்டியை முறுக்கிக்கொண்டு போய் எவளையாவது சீண்டினால், “வயசு அப்படி”. பெண்ணுக்கோ “வயசுக்கு வந்துட்டா”, அன்றோடு சைக்கிள் திண்ணையில் சாய்கிறது. இப்போது அந்த முதல் ‘வயசு’க்கு மூளை அறிவியலும் துணைக்கு வந்திருக்கிறது. வளரிளம் பருவத்தில் உந்துதலைக் கூட்டும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன, யோசித்து நிறுத்தும் முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுவரை மெல்ல முதிர்கிறது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் துணிச்சல் இன்னும் கூடுகிறது. உண்மைதான். இதைச் சொல்லிப் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களைத் தூக்கிலிடாதீர்கள் என்று 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதே முன்நெற்றிப் பகுதி பெண்பிள்ளைக்கும் அதே வேகத்தில்தானே முதிர்கிறது? ஓரிரு வருட வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, “பொம்பளப் புள்ளைக்குச் சீக்கிரம் விவரம் வந்துடும்” என்று அவளிடம் தம்பியையும் அடுப்பையும் ஒப்படைக்கிறோம். தவறு செய்ய அவனுக்குப் பத்து வருடம் அவகாசம். அவள் ஒரு காதல் கடிதம் எழுதினால் படிப்பு நிற்கிறது. இந்தியாவில் 20–24 வயதுப் பெண்களில் 23 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். யோசித்து முடிவெடுக்கும் பகுதி முதிர்வதற்கு முன்பே, அவளைப் பற்றிய முடிவுகள் எல்லாம் முடிந்துவிடுகின்றன.

இந்த வயதில் மூளை இரண்டாம் முறையாகத் தன்னைக் கழித்துச் செப்பனிடுகிறது. அப்போது தெரு, மைதானம், நூலகம், அயலூர்ப் பேருந்து எல்லாவற்றையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு, பத்து வருடம் கழித்து, “பெண்களுக்கு வழி கண்டுபிடிக்க வராது, அவங்க மூளை அப்படி” என்று சிரிக்கிறார்கள். ‘ஆண் மூளை, பெண் மூளை’ என்று தனித்தனியாக இரண்டு சாதி இல்லை, பெரும்பாலான மூளைகள் கலவைதான் என்று டாஃப்னா யோயெல் குழுவினர் 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை வைத்து எழுதினார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பருவமெய்தும்போது உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது, இரவு தாமதமாகத்தான் தூக்கம் வரும், காலையில் எழ முடியாது என்பதை மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகக் காட்டி வருகிறார். சோம்பேறித்தனம் இல்லை, உடல். என் மகளுக்குப் பதினான்கு. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மாமியார் அவள் போர்வையை இழுத்தார்: “பொட்டப் புள்ள இந்நேரம் வர தூங்குனா வீடு வெளங்குமா?” பக்கத்து அறையில் அவள் சித்தப்பா மகன், பதினாறு வயது, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கதவு சத்தம் போடக்கூடாதென்று சாத்தப்பட்டிருந்தது. “தூங்கட்டும் அத்தை, கோலம் நான் போடறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நானும் இன்னொரு பெண்ணின் தலையில்தான் அதைக் கட்டினேன், அந்தப் பெண் நானாக இருந்தாலும்.

மகனுக்கு இப்போது ஏழு வயது. கொஞ்சம் பேசுகிறான், படங்களைக் காட்டி நிறையச் சொல்கிறான். போன மாதம் ஆண்டு மதிப்பீட்டுக்குப் புதிய படிவம் கொடுத்தார்கள். இந்த முறை கணவரையே நிரப்பச் சொன்னேன். அவர் ஒரு மணிநேரம் எடுத்துக்கொண்டார். எந்த மாதம் வாந்தி நின்றது, எந்த ஊசி போட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார், நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி, மூன்று வரி இடத்துக்குக் கீழே ஒரு தாளைச் சேர்த்து, அந்தப் பத்து மாதமும் தான் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், எவ்வளவு புகைத்தார் என்று அவராகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரவேற்பில் இருந்த பெண் தாளைத் தனியே பிய்த்து எங்களிடம் திருப்பிக் கொடுத்தார். படிவத்தில் அம்மாவின் கையெழுத்துதான் வேண்டுமாம்.